பாஷாணம் இல்லாத பத்திரம்

“மேடம், உங்க வூட்ல எலித் தொல்லை உண்டுங்களா?”

சாட்சிக் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதி கூறி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்ற என்னிடம் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி இதுதான். அரியலூரில் ஒரு கோர்ட். பகல் பதினோரு மணி இருக்கும். சட்ட வரலாறு, மானிடவியல் என்று தலை நரைக்கிற வரைக்கும் படித்துவிட்டு, நான் எலிக்குப் பதில் சொல்ல நின்றேன்.

“உண்டு” என்றேன். உறுதி கூறியாகிவிட்டதே.

“எலிக்கு என்ன வைப்பீங்க?”

“முன்னாடி எலிப் பாஷாணம் வச்சேன். இப்ப பூனை வளக்குறேன்.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். அவர் சிரித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“அப்ப இந்தப் பத்திரத்துல பாஷாணம்னு இருக்கே, ரெண்டு ஏக்கர் நெலத்தோட எலி மருந்தையும் சேத்து வித்தாங்களா மேடம்?”

“இல்லைங்க. பத்திரத்துல பாஷாணம்னா கல்லு.”

“கல்லு. சந்தோசம். இதை எழுதிக்கச் சொல்லுங்கய்யா” என்று டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். இப்போது கோர்ட் முழுவதும் சிரித்தது. ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்கா எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வழக்கே அவருடையது. பழைய பத்திரங்களை ஆராய்கிறவள் என்பதால், நான் வந்திருந்ததே அவருக்காகச் சாட்சி சொல்லத்தான்.

வழக்கு என்னவென்றால்

ஆலத்தியூரைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் ஒரு ஊரில் அஞ்சலை அக்காவுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. ஒரு காலத்தில் அதே நிலத்தில் அவரும் அவர் வீட்டுக்காரரும் கூலிக்குக் களையெடுத்தவர்கள். பிறகு அதையே விலைக்கு வாங்கினார்கள். விற்றவர் காலமாகிவிட்டார். நாற்பது வருடம் ஒரு பேச்சும் இல்லை.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மேலே சோளம் விளையும், கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கும். உழுதால் சங்கும் கிளிஞ்சலும் கல்லாகி வெளியே வரும். ஆதியில் இங்கே கடல் இருந்ததாம். இப்போது குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம். கடலுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

சிமெண்டுக்காகக் கல் கேட்டு ஆள் வரத் தொடங்கியதும், விற்றவரின் மகன் ரத்தினவேல் திருச்சியிலிருந்து வந்து வழக்குப் போட்டார். நிலத்தைத்தான் எங்கப்பா விற்றார், கல்லை விற்கவில்லை என்பது அவர் கட்சி. கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் அவர் கையில் ஒரு பிடி இருந்தது.

பழைய கிரயப் பத்திரங்களில் ஒரு மந்திரம் வரும்: நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்பட. அதாவது புதையல், புதைத்து வைத்த பொருள், தண்ணீர், மரம், கல் எல்லாம் சேர்த்து விற்கிறேன் என்று அர்த்தம். புதையல் கிடைத்தவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை. ஆனால் புதையல் விற்காத பத்திரத்தையும் பார்த்ததில்லை. அஞ்சலை அக்காவின் பத்திரத்தில் இந்த மந்திரம் முழுசாக எழுதப்பட்டு, பாஷாணம் என்ற சொல்லின் மேல் மட்டும் ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் முறைப்படி, ‘இரண்டாம் பக்கம் ஒன்பதாம் வரியில் ஒரு சொல் அடித்தல்’ என்று குறிப்பும், விற்றவர் கையெழுத்தும், வாங்கியவர் கைநாட்டும் இருந்தன. யார் சொல்லி அடித்தது என்று மட்டும் இல்லை. எழுதிய பத்திர எழுத்தரும் உயிரோடு இல்லை.

“எங்கப்பா வேணும்னுதான் அடிச்சாரு. கல்ல அவரு கையில வச்சுக்கிட்டாரு” என்று ரத்தினவேல் ஏற்கெனவே கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டார்.

அவர் ஜெயித்தால் கல்லைத் தோண்டுவார்கள். கல்லை எடுத்த பிறகு அஞ்சலை அக்காவுக்கு மிஞ்சுவது பட்டாவும் ஒரு பள்ளமும்தான்.

மானியக்காரி

நான் எப்படி இந்தப் பத்திரப் பைத்தியம் ஆனேன் என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் சட்டம்தான் படித்தேன். கோர்ட்டுக்குள் பேசுகிறவர்களைவிட வெளியே காத்திருப்பவர்கள் சுவாரசியமானவர்கள் என்று தோன்றியதால் மானிடவியலுக்குத் தாவினேன். அப்பா பெரம்பலூரில் பஸ் கண்டக்டர். உறவுக்காரர்கள் கேட்டால், “பொண்ணு வக்கீலுக்கு மேல என்னமோ படிக்குது” என்று சொல்லி ஒப்பேற்றுவார். கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டைப் படிக்கிறாள் என்று சிலரிடம் அவராகவே அளந்தும் விட்டிருக்கிறார். கல்வெட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. பத்திரத்துக்கு ஏது?

முதல் கள ஆய்வுக்கு வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று கேட்டார்கள். “மானிடவியல்” என்றேன். அரை மணி நேரத்தில் டீக்கடை முன்னால் பெருங்கூட்டம். எல்லோர் கையிலும் மஞ்சள் பை, பைக்குள் பத்திரம். மானியம் கொடுக்கிற அம்மா வந்திருப்பதாக ஊருக்குள் செய்தி பரவியிருந்தது. ஒருவர் கிணற்று மோட்டாருக்கு, ஒருவர் ஆட்டுக் கொட்டகைக்கு.

அந்த இடத்தில் ஒரு நல்ல பெண் என்ன செய்திருப்பாள்? ‘ஐயா, நான் மானியம் இல்லை, மானிடம்’ என்று விளக்கியிருப்பாள். நான் விளக்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவரும் கண்ணில் காட்டாத பத்திரங்கள், தாமாக வரிசையில் வந்து நிற்கின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் குறிப்பெடுத்தேன். பொழுது சாயும்போதுதான் உண்மையைச் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் மட்டும், “மானியம் இல்லன்னா எங்க பத்திரத்த எதுக்குமா படிச்சீங்க?” என்று கேட்டாள். நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். பஸ் வரும்வரை ஒரு டீ கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று எடுத்த குறிப்புகளிலிருந்துதான் என் பேர்பெற்ற கட்டுரை பிறந்தது. பேர்பெற்றது என்று சொல்வது நான். அதைப் படித்தவர்கள் மூன்று பேர். எழுதிய நான், திருத்திய ஆசிரியர், அச்சுக் கோத்தவர். ஆசிரியர் படித்தாரா என்பதில் சந்தேகம் உண்டு.

என் நான்காவது வாசகர்

நான்காவதாக ஒருவர் படித்திருக்கிறார் என்பது அன்று கூண்டில் நின்றபோதுதான் தெரிந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் மேசையிலிருந்து பழுப்பேறிய ஒரு நகலை எடுத்தார். தலைப்பைப் பார்த்ததும் என் கட்டுரை என்று தெரிந்துவிட்டது.

“மேடம், இது நீங்க எழுதுனதுதானுங்களே?”

“ஆமாங்க.”

“நாலாம் பக்கம் கோடு போட்டிருக்கேன். கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.”

படித்தேன். “பத்திரத்தில் அடிக்கப்படும் சொல், விற்பவர் தன் கையில் நிறுத்திக்கொள்ளும் சொத்து. அடித்தல் என்பது எழுத்துப் பிழை அன்று. அது ஒரு முடிவு.”

என்ன திமிர். முப்பது வயதில் எழுதிய வாக்கியம். அதை எழுதிய அன்று எனக்கு நானே பால்கோவா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். இப்போது என் குரலிலேயே கேட்டபோது, ரத்தினவேல் என்னைக் காசு கொடுத்து அமர்த்தியது போல இருந்தது.

“அது அப்ப நான் நெனச்சது” என்றேன்.

“இப்ப என்ன மேடம் நெனைக்கிறீங்க? பூனை வளக்கலாம்னா?”

எங்கள் வக்கீல் மலர்விழி ஆட்சேபம் சொல்ல எழுந்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, “இந்த முடிவுக்கு என்ன ஆதாரம்மா வச்சிருந்தீங்க?” என்று என்னைக் கேட்டார்.

நிறையப் பத்திரங்கள் என்றேன்.

“விக்கிறவங்க, வாங்குறவங்க யாரையாவது விசாரிச்சீங்களா? யாரு அடிக்கச் சொன்னாங்கன்னு?”

இல்லை என்றேன். மனிதர்களைப் படிப்பதற்காகவே சட்டத்தை விட்டு வந்தவள், ஒரு மனிதரைக்கூடக் கேட்காமல் தாளைப் பார்த்தே தீர்ப்பு எழுதியிருக்கிறேன். கூண்டை விட்டு இறங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அஞ்சலை அக்காவின் நிலத்தை நானே தோண்டிக் கொடுத்துவிட்டேனோ என்று.

புங்க மரத்தடியில்

மதிய இடைவேளையில் அவரைத் தேடினேன். கோர்ட் சுவரோரம் ஒரு புங்க மரத்தடியில், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, என்னாலதான் கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கங்க” என்றேன்.

“உங்களால இல்ல டீச்சர். அந்த ஆளு எலிப் பாஷாணத்த வச்சு எகடாசி பண்ணுனான் பாருங்க, எனக்கு அங்க உக்காந்திருக்க முடியல.”

படித்தவர்கள் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அந்த வார்த்தைய நாந்தான் அடிக்கச் சொன்னேன்.”

இதே கேள்வியை நான் அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தேன். தெரியாது என்று சொன்னார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அன்று நடந்தது இது. பத்திரம் எழுதி முடித்ததும் எழுத்தர் அதை இரு தரப்புக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவது வழக்கம். நிதி, நிட்சேபம், ஜலம், தரு என்று ராகம் போட்டு வந்தவர் பாஷாணம் என்றதும் அஞ்சலை அக்கா எழுந்துவிட்டார். “நெலத்தோட பாஷாணத்தையுமா எழுதுறீங்க? எங்களுக்கு வேணாஞ் சாமி. அத எடுத்துட்டு எழுதுங்க” என்றார். எழுத்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கல் என்று சொன்னார், வடமொழி என்று சொன்னார். அந்தச் சொல் உள்ள தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று இவர் ஒரே பிடியாக நின்றார்.

“எந்தங்கச்சி அதச் சாப்புட்டுத்தான் செத்தா டீச்சர். அதுக்கு முந்துன வருசம். போலீசு கேசு ஆயிரும்னு வயித்து வலின்னு சொல்லி எடுத்துட்டாங்க. வெளிய பேசக் கூடாதுன்னு எங்கம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு. அவ பேரையே நாங்க வூட்ல எடுக்கறதில்ல. அந்த வார்த்தையத் தாள்ல எழுதி அந்த மண்ணுல நான் எப்புடி வெதைக்கிறது?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் உலகத்துக்கே தெரிந்த எலி மருந்தின் பெயர், எனக்கு மட்டும் பத்திரத்தில் பார்த்தால் கல்லாகத் தெரிந்திருக்கிறது. அதிகம் படித்தால் இப்படித்தான் ஆகும்.

“இத உள்ள வந்து சொல்லுவீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“சொன்னா, நீதானே வேணாம்னேன்னு மடக்குவானே டீச்சர்?”

மடக்குவான்தான். மலர்விழியும் அதையேதான் சொன்னார். இரண்டு பக்கமும் கூரான கத்தி. போதாததற்கு அம்மாவுக்குச் செய்த சத்தியம் வேறு. அஞ்சலை அக்கா தூக்கைத் திறந்து, புளிச்சோற்றை என் கையில் ஒரு உருண்டை வைத்துவிட்டு, தானும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, “எங்கம்மா கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றார். அவர் அம்மா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

வரப்பு யாருடையது

மறு வாய்தாவில், மலர்விழி மனுப் போட்டு, அவரை மீண்டும் கூண்டில் ஏற்றினார். அஞ்சலை அக்கா மரத்தடியில் சொன்னதை அப்படியே சொன்னார். எதிர்பார்த்தபடியே வக்கீல் எழுந்தார்.

“ஆக, பாஷாணம் வேணாம்னு சொன்னது நீங்க.”

“ஆமாங்க.”

“பாஷாணம்னா கல்லு. உங்க தரப்பு மேடமே சொல்லிட்டாங்க. அப்ப கல்லு வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க.”

என் நகத்தை நானே கடித்துக்கொண்டிருந்தேன்.

“நான் வெஷம் வேணாம்னுதாங்க சொன்னேன்” என்றார் அஞ்சலை அக்கா. “கல்லு வேணாம்னா அரியலூருப் பக்கத்துல ஒருத்தி நெலம் வாங்க முடியுமாங்க? அந்தக் காட்டுல கல்லு எடுத்து எடுத்து எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு போச்சு. பொறுக்குன கல்லையெல்லாம் அடுக்கித்தான் நாலு பக்கமும் வரப்பு போட்டிருக்கோம். கல்லு அவங்களுதுன்னா இத்தன வருசத்துல ஒரு நாளாவது அவங்க வந்து பொறுக்கியிருக்கணும்ல?”

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ரத்தினவேல் பக்கம் திரும்பிவிட்டார்.

“தம்பி, நீங்களுந்தான் அன்னிக்கு அங்க இருந்தீங்க. சாட்சிக் கையெழுத்தே உங்களுது. உங்கப்பா சிரிச்சுக்கிட்டு, ‘பயப்படுது பாரு, அடிச்சு விடுய்யா’ன்னாரு. நீங்க சிரிக்கல. எந்தங்கச்சி உங்க கெளாசுல படிச்சவ. உங்களுக்குத் தெரியும்.”

கட்சிக்காரரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்று வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு ரத்தினவேலைப் பார்த்தார். “நீங்க இதுக்கு மறுபடி சாட்சி சொல்ல விரும்புறீங்களா?”

ரத்தினவேல் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தங்கக் கைக்கடிகாரம், அறுபது வயது. வக்கீல் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தது எனக்குத் தெரிந்தது. அதையும் மீறிப் போய் எதிர்ப்பக்கக் கூண்டில் ஏறினார்.

“அப்பா சிரிச்சாருங்க” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்பா வேண்டுமென்றே கல்லைக் கையில் வைத்துக்கொண்டார் என்ற அவர் கட்சி அதோடு போயிற்று. நான் அந்த மனிதரை இரண்டு வருடமாக மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். அன்று அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அஞ்சலை அக்கா இறங்கப் போனபோது நீதிபதி நிறுத்தினார்.

“தங்கச்சி பேரு என்னம்மா?”

அவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல வாய் பழக வேண்டியிருந்தது.

“பூவாயிங்க.”

டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டார்.

ஒரு எழுத்து

தீர்ப்பு அஞ்சலை அக்கா பக்கம் வந்தது. நிலமும் அவருடையது, கல்லும் அவருடையது. நகல் கிடைத்த அன்று மலர்விழி ஆபீஸில் மூன்று பேரும் ஜாங்கிரி சாப்பிட்டோம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அன்று அது கணக்கில் இல்லை. என் பழைய கட்டுரை தப்பு என்று அந்த ஆய்விதழுக்கு மறுப்பு எழுதி அனுப்பிவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னேன். இதழ் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது என்பதை மலர்விழிதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அஞ்சலை அக்கா எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. முதியோர் கல்வியில் எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். விரலை வைத்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தார். ஜெயித்த பகுதி கடைசியில் இருக்கிறது என்று சொன்னேன்.

“அது இல்ல டீச்சர். அவ பேரு எங்க இருக்கு?”

எட்டாம் பக்கத்தில் காட்டினேன். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. செத்ததற்கும் தாள் கிடையாது. படித்த பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்துப் பதிவேடு மிஞ்சவில்லை. அவர்கள் வீட்டுக்கு ரேஷன் கார்டு வருவதற்கு முன்பே போய்விட்டாள். காலமெல்லாம் பழைய தாள்களில் கிடந்த எனக்கு அது என்ன என்று தெரியும். பூவாயி என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அஞ்சலை அக்காவுக்குக் கலங்கவில்லை. விரல் அங்கேயே நின்றது. நெற்றி சுருங்கியது.

“பூவாய்னு போட்டிருக்கு.”

மலர்விழி எட்டிப் பார்த்தார். “டைப் அடிக்கறப்ப தப்பாயிருக்கும்க்கா. தீர்ப்பு நம்ம பக்கம் வந்துருச்சு. இந்த ஒரு எழுத்தால நெலத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“நெலத்துக்கு ஆகாதுங்க. அவ பூவாயி. கடைசில ‘யி’ வரணும். இதத் திருத்த மனுப் போட முடியாதா?”

“போடலாம். அதுக்கு ரெண்டு மூணு வாய்தா நடக்கணுமே.”

அஞ்சலை அக்கா நகலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தைக்கு ரெண்டு வருசமா நடந்தோம். ஒரு எழுத்துக்கு நடக்க மாட்டமா?”

மலர்விழி என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினேன்.